பாகூர் ஏரியும் கூழைக்கடாவும்

பாகூர் ஏரி புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் உள்ளது. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. நெற்பாசனத்துக்காக மக்கள் அமைத்த இந்த ஏரி, கூழைக்கடா முதலிய நீர்ப்பறவைகளுக்கு இரைக்களமாகவும் விளங்குகிறது.

வரலாறு

பாகூரின் பழைய பெயர் வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. அக்காலத்தில் ஊரின் செல்வம் நெல். நெல்லுக்கு ஆதாரம் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையாற்றிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவருகிறது.

கூழைக்கடாவின் வாழ்க்கை

கூழைக்கடா சாம்பல் கலந்த வெண்ணிறமுடைய பெரிய பறவை. கீழ் அலகில் தொங்கும் தோல்பையே அதன் வலை. நீந்தியபடியே மீனை நீரோடு சேர்த்து முகந்து, நீரை வடித்துவிட்டு விழுங்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், நீர்நிலையை ஒட்டிய மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். சுமார் 30 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மேலும் மூன்று மாதங்களுக்கு மேலாகும். அதுவரை தாயும் தந்தையும் தம் தொண்டையிலிருந்து மீனைக் கக்கி ஊட்டும்.

பறவையும் ஊரும்

1877-இல் பர்மாவின் சிட்டாங் சமவெளியில் ஓட்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்ட மாபெரும் கூழைக்கடாக் குடியிருப்பு 1940-களுக்குள் அடியோடு மறைந்தது. வேடந்தாங்கலில் நடந்தது வேறு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த ஊரார் பறவைகளைச் சுடவிடாமல் காத்தனர். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்துமூலம் ஏற்றார்.

பாகூருக்கும் இது பொருந்தும். மார்கழி, தை மாதங்களில் தொடங்கும் நவரைப் பட்டத்து நெல் அறுவடைக்கு வரும்வரை ஏரிநீர் வேண்டும். முட்டையிட்ட கூழைக்கடாவுக்கும் ஏறத்தாழ அத்தனை மாதம் மீன் உள்ள நீர்நிலைகள் வேண்டும். வண்டல் சேர்ந்தும் வரத்து வாய்க்கால் அடைபட்டும் ஏரி முன்னதாகவே வற்றினால், பயிர் கருகும் அதே மாதத்தில் பறவையும் இரையிழக்கும். ஏரியைத் தூர்வாரி, வாய்க்காலைச் சீராக வைத்திருப்பது உழவருக்கும் பறவைக்கும் ஒருசேரச் செய்யும் பணியாகும்.