மீளா வெப்ப இயக்கவியல்: வேதியியல் மாணவருக்கான வாசல் எது?

வெப்ப இயக்கவியல் வினை நடக்குமா என்று சொல்லும், எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்று சொல்லாது. இப்படிச் சொல்லித்தான் வினைவேகவியலைத் தனிப் பாடமாக நடத்துகிறோம். மீளா வெப்ப இயக்கவியல் இந்தச் சுவரை இடிக்க வந்தது. ஆனால் அதன் அறிமுக நூல்கள் பலவும் வெப்பக் கடத்தலிலும் விரவலிலும் தொடங்கி, வேதிவினையைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. வேதியியல் மாணவரை வினைவேகத்தின் வழியாகவே உள்ளே அழைக்க வேண்டும் என்பது என் வாதம்.

கிளாசியஸ் 1865இல் என்ட்ரோபிக்குப் பெயரிட்டார்; மீளா மாற்றத்துக்கு அவர் விட்டுச்சென்றது ஒரு சமனிலி மட்டுமே. பெல்ஜியத்தின் டி டோண்டர்தான் வேதிநாட்டத்தை, அதாவது வினையை முன்னே செலுத்தும் உந்துதலின் அளவை, கொண்டு அதைச் சமன்பாடாக்கினார்: நாட்டத்தை நிகர வினைவேகத்தால் பெருக்கி வெப்பநிலையால் வகுத்தால், வினை ஒரு நொடியில் உண்டாக்கும் என்ட்ரோபி கிடைக்கும். நல்லியல்புக் கலவையில் நடக்கும் ஓர் அடிப்படை வினைக்கு நாட்டம் என்பது வாயு மாறிலி, வெப்பநிலை, முன்பின் வேகங்களின் விகிதத்துக்கான இயல் மடக்கை ஆகிய மூன்றின் பெருக்கல். முன்வேகம் மிகுந்தால் நிகர வேகமும் மடக்கையும் நேர்க்குறி; பின்வேகம் மிகுந்தால் இரண்டும் எதிர்க்குறி. பெருக்கல் ஒருபோதும் எதிர்க்குறி ஆகாது. இரண்டாம் விதியை மாணவர் தம் கையாலேயே சரிபார்த்துவிடலாம்.

இங்கிருந்து தொடங்குவதில் இன்னொரு லாபம், நேர்விகித விதியின் எல்லை உடனே தெரிந்துவிடும். 25 டிகிரி செல்சியஸில் வாயு மாறிலிக்கும் வெப்பநிலைக்குமான பெருக்கல் மோலுக்கு 2.48 கிலோஜூல். நாட்டம் இதில் பத்தில் ஒரு பங்கானால், வேகம் நாட்டத்துக்கு நேர்விகிதம் என்ற கணக்கு உண்மையைவிட 5 சதவீதம் மிகையாகும். நாட்டம் 2.48ஐயே தொட்டுவிட்டால் மிகை 58 சதவீதம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராகும் வினையின் திட்ட நாட்டம் 237 கிலோஜூல். அங்கே நேர்விகிதத்தைப் பேசுவதே வீண்.

அப்படியானால் நேர்விகிதத்தின் மேல் கட்டப்பட்ட ஒன்சாகரின் தலைகீழ்த் தொடர்புகளை (ஓர் உந்துதல் மற்றொன்றின் ஓட்டத்தைப் பாதிக்கும் கெழுவும் அதன் மறுதலைக் கெழுவும் சமம் என்பவை) வேதியியலார் ஒதுக்கிவிடலாமா? கூடாது. 1931ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரே எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று, மூன்று பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் முக்கோண வினை. அ, ஆ, இ என்ற வரிசையில் மூலக்கூறுகள் சுற்றிக்கொண்டே இருந்தாலும் செறிவுகள் மாறாமல் நிற்க முடியும். சமநிலையில் அத்தகைய சுழற்சி கிடையாது, ஒவ்வொரு படியும் தனித்தனியே சமன்படும் என்பதுதான் நுண்ணிலை மீள்தன்மை; ஒன்சாகரின் தொடர்புகள் நிற்பது இதன்மேல்தான். (மேலே தந்த மடக்கை வாய்பாட்டுக்குள்ளும் இந்த எடுகோள் ஒளிந்திருக்கிறது, வகுப்பில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.)

நேர்விகித விதி வேதியியலில் செல்லும் இடமும் உண்டு. 1967ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்குபெற்ற ஐகனின் தளர்வு முறை சமநிலையை லேசாகக் கலைத்து, அது திரும்பும் வேகத்தை அளக்கிறது. என்தால்பி மாற்றம் 50 கிலோஜூலாக உள்ள வினையின் வெப்பநிலையை ஒரு டிகிரி திடீரென உயர்த்தினால் எழும் நாட்டம் சுமார் 0.17 கிலோஜூல்தான். பிழை 4 சதவீதத்தைத் தாண்டாது. திரும்பும் பாதையும் ஏறக்குறைய ஒற்றை அடுக்குக்குறிச் சரிவாகவே அமையும்.