திரையில் வெறும் கோடும் கட்டமுமா? பழைய ஆர்கேட் கேம் போர்டை சரிசெய்யக் கத்துக்கிறது எப்படி?

சுவிட்ச் போட்டதும் கேம் வரலை. திரை முழுக்க கலைஞ்ச எழுத்து, கோடு, கட்டம். காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் மெஷின் வச்சிருக்கிறவங்க அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'பேக்-மேன்' கேமை வெளியிட்டது 1980-ல். அந்தக் காலத்து ஒரிஜினல் போர்டுகளுக்கு இப்போது 40 வயதுக்கு மேல். அதே போர்டை அந்த நிறுவனங்கள் இப்போது மறுபடி தயாரித்துத் தருவதில்லை, இருக்கிறதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

நல்ல செய்தி என்னன்னா, இன்றைய செல்போன் போர்டைவிட இவற்றைப் புரிஞ்சுக்கிறது சுலபம். பெரும்பாலான வேலையை 74 வரிசை எனப்படும் சின்னச் சின்ன சிப்கள்தான் செய்யும். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து அதன் வேலையைத் தெரிஞ்சுக்கலாம்.

முதலில் 5 வோல்ட்

சாலிடரிங் அயனை எடுக்க அவசரப்படாதீங்க. முதலில் மல்டிமீட்டர். இந்த சிப்களுக்குத் தேவை 5 வோல்ட். அதை பவர் சப்ளையில் அளந்தா போதாது, சிப்பின் காலிலேயே அளக்கணும். அங்கே 4.75-க்குக் கீழே இருந்தா, நல்ல போர்டும் கிறுக்குத்தனம் பண்ணும். பல சமயம் காரணம் கனெக்டரில் படிந்த அழுக்குதான். 1985-ல் வந்த 'ஜாமா' தரத்தைப் பின்பற்றும் போர்டுகளில் இது 56 முனைகள் கொண்ட கனெக்டர். தலைகீழா மாட்டினா போர்டு காலியாகலாம், ஜாக்கிரதை.

அடுத்து கிளாக், ரீசெட்

பேக்-மேன் போர்டின் மூளை இசட்80 பிராசஸர். 40 கால் உண்டு. 6-வது காலில் கிளாக் துடிக்கணும், 26-வது காலில் ரீசெட் 'ஹை'யா நிக்கணும். லாஜிக் ப்ரோப் என்ற பேனா மாதிரி கருவி இதைக் காட்டிடும்.

ரீசெட் சீரா விட்டு விட்டு அடிக்குதா? அது 'வாட்ச்டாக்' வேலை. 'நான் உயிரோடதான் இருக்கேன்' என்று பிராசஸர் அடிக்கடி சொல்லணும். சொல்லலைன்னா வாட்ச்டாக் அதை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். பலர் இந்த இடத்தில் ரீசெட் சர்க்யூட்டையே பிரிக்க ஆரம்பிச்சிடறாங்க. உண்மையில் அது அறிகுறிதான், நோய் பெரும்பாலும் ரோம் அல்லது ரேமில் இருக்கும். ரோமை ரீடரில் படித்து, 1997 முதல் வளர்ந்துவரும் 'மேம்' எமுலேட்டரில் பதிவான சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடலாம். ரோம் மேல இருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீங்க. புற ஊதா ஒளி பட்டா உள்ளே இருப்பது அழியும்.

கேம் ஓடுது, ஆனா பொம்மைகளில் மட்டும் கோடு விழுது என்றால் தேடும் இடம் பாதிக்கும் கீழே குறைஞ்சுடும். பின்னணியை வரையும் பகுதியைத் தொடவே வேண்டாம்.

சந்தேகம் ஒரு சிப் மேல வந்தா, அதே எண்ணுள்ள நல்ல சிப்பை அதன் முதுகில் அழுத்திப் பார்ப்பது பழைய உத்தி. படம் சரியானா ஆள் சிக்கியாச்சு. பழுதான சிப்பின் அவுட்புட் அடியோடு செத்திருந்தால்தான் இது பலிக்கும். பழைய ஃபுஜிட்சு சிப்கள் இப்படிச் சாவதில் பேர் போனவை. கழற்றும்போது முழுசா இழுக்காம, கால்களை வெட்டி ஒவ்வொன்றா எடுங்க. இழுத்தா போர்டின் செம்புத் தடமும் சேர்ந்து வந்துடும். புது சிப்புக்கு சாக்கெட் போடுங்க. பழகுவதற்கு விலை மலிவான போர்டே போதும்.

படக்குழாய் மானிட்டருக்குள் மட்டும் கை வைக்காதீங்க. அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஆஃப் பண்ணின பிறகும் தங்கும்.

பேட்டரி செத்தா கேமும் சாகும்

1993-ல் காப்காம் கொண்டுவந்த 'சிபிஎஸ்-2' போர்டுகள் தனி ரகம். கள்ள நகலைத் தடுக்க கேமையே பூட்டி, சாவியை பேட்டரியால் உயிர் வாழும் மெமரியில் வைத்தாங்க. 3.6 வோல்ட் பேட்டரி தீர்ந்தா சாவி போச்சு, சிப் எல்லாம் நல்லா இருந்தும் கேம் வராது. 2007-ல் ஆர்வலர்கள் அந்தப் பூட்டை முழுசா உடைச்சாங்க. இப்போ சாவியை போர்டிலேயே மறுபடி எழுத முடியும். ஆனால் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரிச்சிருந்தா வேலை பல மடங்கு கூடும். அதனால வீட்டில் அந்த போர்டு இருந்தா, ஓடிக்கிட்டு இருந்தாலும் உறையைத் திறந்து பேட்டரியை ஒருமுறை பார்த்துடுங்க.