வெட்ட முதல்

குடும்பப் படமொன்றைப் பகிர முதல் நாங்கள் செய்யிற வேலை என்ன? ஓரத்தை வெட்டுவது, நிறத்தைத் திருத்துவது. நூறு வருசப் பழைய படங்களுக்கும் இதுவே நடந்திருக்கிறது.

1909 முதல் 1915 வரை செர்கே புரோகுதின்-கோர்ஸ்கி சார் மன்னரின் ஆதரவோடு ரஷ்யப் பேரரசைச் சுற்றிப் படமெடுத்தார். ஒரே கண்ணாடித் தகட்டில் நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளூடாக அடுத்தடுத்து மூன்று கறுப்பு வெள்ளைப் பதிவுகள். அதே நிற ஒளிகளில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுத்தினால்தான் வண்ணப்படம். முகான் சமவெளியின் கிராபோவ்கா ஊரில் ஒரு குடியேறிகள் குடும்பம் இப்படித்தான் இவரது கமராவுக்கு முன்னால் நின்றது. மூன்று பதிவும் முடியும்வரை ஆடாமல் அசையாமல் நிக்கவேணும். இடையில் அசைந்தால் அந்த இடத்தில் நிறங்கள் பிரிந்துவிடும். மூன்றும் பொருந்தாத ஓரங்களிலும் அப்படித்தான்.

1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தத் தகடுகளை வாங்கியது. 2001 கண்காட்சிக்காகக் கணினியில் பதிவுகளைப் பொருத்தி, ஓரங்களை வெட்டி, நிறத்தைச் சமப்படுத்தினார்கள். பார்த்தால் நேற்று எடுத்த படம் மாதிரி. ஆனால் படமெடுத்த விதத்தையும், யார் அசைந்தார் என்பதையும் சொல்வது அந்தக் கலைந்த நிறங்கள்தான்.

நூலகம் வெட்டாத தகடுகளின் பிரதிகளையும் இணையத்தில் வைத்திருக்கிறது. அதால்தான் திரும்பிப்போய்ப் பார்க்க முடிகிறது. எங்கட வீட்டுப் படங்களையும் வெட்டலாம். மூலத்தை மட்டும் அழிக்கவேண்டாம்.