கம்பிக்குள் நுழையாத சொல்

1903இல் தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் வந்தது. பாதையோரம் தந்திக் கம்பியும் ஓடியது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் வந்து தங்கும் வெள்ளை அதிகாரிக்கு அந்தக் கம்பி அவர் மொழியின் நீட்சி. ஊர்க்காரருக்கு 'தந்தி வந்திருக்கு' என்றாலே சாவுச் சேதி. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி' என்றிருப்பதைப் படிச்சுச் சொல்ல வாத்தியாரைத் தேடி ஓடணும். அப்பன் சாகக் கிடப்பதுகூட இங்கிலீஷில்தான் வந்து சேரும்.

தமிழுக்கு 247 எழுத்து, மோர்ஸ் தாங்காது என்று ஒரு சமாதானம் உண்டு. எண்ணிப் பார்த்துவிடலாம். புள்ளியையும் கோட்டையும் ஒன்று முதல் நான்கு வரை அடுக்கினால் 2, 4, 8, 16. மொத்தம் 30 குறிகள். அவற்றில் ஆங்கிலம் 26ஐ எடுத்துக்கொண்டது. தொல்காப்பியக் கணக்கில் தமிழின் முதலெழுத்து, உயிர் 12, மெய் 18, அதுவும் 30தான்! 'க'வை க், அ என்று பிரித்துத் தட்டினால் போதும். ஆங்கிலத்தில் கே, ஏ என்று தட்டுவதும் அதேதானே. உயிர்மெய் 216க்குத் தனிக்குறி எதற்கு? விடுதலைக்குப் பின் தேவநாகரிக்கு மோர்ஸ் வகுத்து இந்தியில் தந்தி அடித்தார்கள். ஆக, கம்பிக்கு மொழி கிடையாது, இலாகாவுக்கு இருந்தது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் வலியும் வளியும் ஒரே தட்டு.

இழப்பு எழுத்தோடு நிற்பதில்லை. 1911 ஜூன் 17, மணியாச்சி. கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட செங்கோட்டை வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் இருந்த கடிதம் தமிழில். அதில் மன்னர் 'ஜார்ஜ் பஞ்சமன்'. ஐந்தாமவன் என்று வாசிக்கலாம். நால்வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன் என்றும் வாசிக்கலாம். பசுமாமிசம் தின்னும் மிலேச்சன் என்ற வசையோடு சேர்ந்து வருவதால் இரண்டாவது அர்த்தத்தைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலமாக்கினால் மிஞ்சுவது ஐந்தாம் ஜார்ஜ். ஐந்தைக் குறிக்கும் 'வி', மோர்ஸில் மூன்று புள்ளி, ஒரு கோடு. சாதி உதிர்ந்துபோய்விடுகிறது.

அந்த ஸ்டேஷனுக்கு இன்று வாஞ்சி மணியாச்சி என்று பெயர். நம்ம தேசியக் கதையாடல் எடுத்து வைத்துக்கொண்டிருப்பதும் இங்கிலீஷ் கோப்பின் ஜார்ஜைத்தான். வெள்ளை அரசு அக்கடிதத்தில் ராஜத்துரோகத்தைப் படித்தது. செங்கோட்டைச் சேரியில் யாராவது அதை உரக்க வாசித்திருந்தால் அங்கே காதில் விழுந்திருக்கக்கூடியது வேறு.