இரண்டரை டன் லாரி: போரை ஓட்டியவர்களும் வண்டியை ஓட வைப்பவர்களும்

இரண்டாம் உலகப்போர் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? டாங்கி, போர் விமானம், நீர்மூழ்கிக் கப்பல், கடைசியில் அணுகுண்டு. லாரி யாருக்காவது ஞாபகம் வருமா? வராது. ஆனால் மேற்கு ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐசனோவர், 1948-இல் வெளிவந்த தன் போர் நினைவு நூலில், வெற்றிக்கு மிகவும் உதவிய கருவிகள் என்று சிலவற்றைச் சொல்கிறார். புல்டோசர், ஜீப், சி-47 சரக்கு விமானம், அவற்றோடு இரண்டரை டன் லாரி. கவனித்தீர்களா, இதில் ஒன்றுகூட சுடுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை!

அந்த லாரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. போரில் அது என்ன செய்தது என்பதோடு, எண்பது வருஷம் கழித்தும் அதை ஓட வைக்கப் பிடிவாதமாக நிற்பவர்கள் படும் பாட்டையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு கதை இல்லை என்பது என் கட்சி.

யார் இந்த ஜிஎம்சி?

அமெரிக்காவின் ஜிஎம்சி நிறுவனம் 1941 முதல் 1945 வரை செய்த இந்த லாரியின் அதிகாரப்பூர்வப் பெயர் சிசிகேடபிள்யூ. ஏதோ கெட்ட வார்த்தையைச் சுருக்கின மாதிரி இருக்கிறதா? ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. முதல் 'சி' 1941-ஆம் வருட வடிவமைப்பு. அடுத்த 'சி' வழக்கமான முன்மூக்கு கேபின். 'கே' என்றால் முன்சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும். 'டபிள்யூ' என்றால் பின்னால் இருக்கும் இரண்டு ஆக்ஸில்களுக்கும் விசை போகும். ஆக மூன்று ஆக்ஸிலும் இழுக்கும். சேற்றில் மாட்டினாலும் ஏதாவது ஒரு சக்கரம் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கொள்ளளவு 270 கன அங்குலம் (சுமார் 4.4 லிட்டர்). சக்தி 100 குதிரைத்திறனை ஒட்டி. உச்ச வேகம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கி.மீ. எல்லா வகைகளையும் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போர் முற்ற முற்ற இரும்பை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் இரும்புக் கேபின் போய் கித்தான் கூரை வந்தது. பின்பக்கத் தொட்டியையும் மரத்தில் அடித்தார்கள்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். இந்த லாரி நூறு வருஷம் உழைக்கவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. போர் முடிகிறவரை ஓடினால் போதும். ஆனால் கெட்டுப்போனால், நேற்றுவரை வயலில் வேலை பார்த்த இருபது வயசுப் பையன்கூடச் சேற்றில் படுத்துக்கொண்டே சரிசெய்ய முடியவேண்டும். 'ஆயுசு குறைவு, வைத்தியம் சுலபம்', இதுதான் கொள்கை.

83 நாள் ஓட்டம்

1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கிய நேசநாட்டுப் படைகள், ஆகஸ்டில் எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்னேறிவிட்டன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? இல்லை! டாங்கிக்குப் பெட்ரோல் வேண்டும், பீரங்கிக்குக் குண்டு வேண்டும், ஆட்களுக்குச் சாப்பாடு வேண்டும். ஒரு டிவிஷனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 டன் சரக்கு என்று கணக்கு. பிரான்சின் ரயில் பாதைகளையோ, ஜெர்மானியர் பயன்படுத்தக்கூடாது என்று நேசநாடுகளே குண்டு போட்டு நாசமாக்கி வைத்திருந்தன. கையில் மிச்சமிருந்தது லாரி மட்டும்தான்.

அப்படித் தொடங்கியதுதான் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்'. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை நடந்தது. போக ஒரு சாலை, வர ஒரு சாலை, இரண்டிலும் பொதுமக்கள் வண்டிகளுக்கு இடமில்லை. ஆகஸ்ட் 29 அன்று மட்டும் 5,958 வண்டிகள் 12,342 டன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மொத்தமாகச் சுமந்தது நான்கு லட்சம் டன்னுக்கும் மேல்.

விதிப்படி மணிக்கு 25 மைல் வேகத்தில், வண்டிக்கு வண்டி 60 கஜம் இடைவெளி விட்டுப் போகவேண்டும். யார் கேட்டார்கள்? இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையே கழற்றிவிட்டுப் பறந்தார்கள். இரண்டரை டன் லாரியில் ஐந்து டன்கூட ஏற்றினார்கள். விளைவு? பேட்டரியில் தண்ணீர் வற்றியது, ஆயில் குறைந்தது, போல்ட்டுகள் கழன்றன. சாலையோரம் கிடந்த காலி உணவு டின்கள் டயரைக் கிழித்தன. கெட்டுப்போன வண்டிகள் வழி நெடுக நின்றன.

ஓட்டியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பின அமெரிக்கர்கள். அப்போது அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் படைப்பிரிவுகள். கறுப்பின வீரர்களில் பெரும்பாலோரைத் துப்பாக்கி பிடிக்க விடாமல் மூட்டை தூக்கவும், லாரி ஓட்டவும், சமைக்கவும் அனுப்பினார்கள். 'கீழான வேலை' என்று நினைத்துக் கொடுத்த அதே வேலைதான் கடைசியில் முன்னணிப் படைகளின் உயிர்நாடியாக ஆனது! ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் போட்டது 1948-இல்தான்.

கன்ராடு அக்கா

வண்டியைக் கெடுக்காமல் ஓட்டச் சொல்லிக் கொடுப்பதே ராணுவத்துக்குப் பெரிய தலைவலி. இந்த லாரிக்கு டிஎம் 9-801 என்று ஒரு கையேடு உண்டு. கிளம்பும் முன், ஓடும்போது, நிறுத்தும்போது, திரும்பி வந்தபின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் டிரைவர் என்னென்ன பார்க்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கும். பராமரிப்பையே ஐந்து படிகளாகப் பிரித்திருந்தார்கள். முதல் படி டிரைவர், ஐந்தாவது படி பெரிய பட்டறை.

ஆனால் கையேட்டை யார் படிப்பார்கள்? நாம் பாடப்புத்தகம் படிக்கிற லட்சணம் நமக்கே தெரியும்! அதனால் 'ஆர்மி மோட்டார்ஸ்' என்ற ராணுவப் பத்திரிகையில் படக்கதையைக் கொண்டுவந்தார்கள். வரைந்தவர் வில் ஐஸ்னர், பிற்காலத்தில் கிராஃபிக் நாவல்களின் முன்னோடி என்று கொண்டாடப்பட்டவர். அவருடைய ஜோ டோப் என்ற சோம்பேறிச் சிப்பாய் எதைத் தொட்டாலும் உடைப்பான். அந்தப் பத்திரிகையில் புத்தி சொல்ல வரும் பெண்ணின் பெயர் கானி ராட். 'கனெக்டிங் ராட்' என்று சொல்லிப் பாருங்கள், சிலேடை புரியும். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் 'கன்ராடு அக்கா'.

இன்றைக்கு வைத்திருப்பவர்களின் ரோதனை

போர் முடிந்ததும் இந்த லாரிகள் மலிவு விலைக்குப் போயின. பிரெஞ்சு ராணுவம் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இவற்றை ஓட்டியது. மரம் வெட்டுபவர்கள், விவசாயிகள், தீயணைப்புத் துறையினர் என்று பலரும் வாங்கினார்கள். சேஸை அறுத்துக் கிரேன் வைத்தவர்களும் உண்டு. இத்தனை கை மாறி வந்த வண்டிதான் இன்று ஆர்வலர்களின் கொட்டகையில் நிற்கிறது.

முதல் பிரச்சனை மின்சாரம். இதில் இருப்பது 6 வோல்ட். அதே சக்தி வேண்டுமென்றால் 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவை. எர்த் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் துரு இருந்தால் போதும், செல்ஃப் முனகிவிட்டுப் படுத்துவிடும். 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமே என்றால், 'அசல் தன்மை போச்சு' என்று சண்டைக்கு வருவார்கள்.

இரண்டாவது பெட்ரோல். அக்காலப் பெட்ரோலுக்காகச் செய்த வண்டிக்கு இக்காலப் பெட்ரோல் ஒத்துக்கொள்வதில்லை. சீக்கிரம் ஆவியாகிறது. வெயிலில் நின்று நின்று போனால் குழாயிலேயே ஆவி அடைத்து இன்ஜின் நின்றுவிடும். நம்ம ஊரில் பழைய அம்பாசடர் டிரைவர்கள் கோடையில் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்களே, அதே வைத்தியம்தான் இங்கும். போதாக்குறைக்கு, இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய பம்ப்பின் ரப்பர் சவ்வைக் கெடுத்துவிடும். லிட்டருக்கு 3 கி.மீ. கிடைத்தாலே அதிகம் என்பது தனி வயிற்றெரிச்சல்!

மூன்றாவது பிரேக். இதுதான் உயிர் விஷயம். ஆறு இடங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே இணைப்பு. எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் மொத்தப் பிரேக்கும் போச்சு. காலியாகவே நாலரை டன் இருக்கும் வண்டி! சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருஷத்தில் பத்து நாள் ஓடி மிச்ச நாள் நிற்கும் வண்டியில் அது வீல் சிலிண்டரை உள்ளே இருந்தே துருப்பிடிக்க வைக்கும். ஓடி ஓடித் தேய்வது ஒரு வகை, நின்று நின்று கெடுவது இன்னொரு வகை. இது இரண்டாவது வகை.

நான்காவது உதிரி பாகம். ஒரே பெயரில் இருந்தாலும் இந்த லாரியில் இரண்டு வகை ஆக்ஸில்கள் உண்டு. ஒன்றின் பாகம் மற்றொன்றில் சேராது. தெரியாமல் வாங்கினால் காசு தண்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், 1944-இல் கிரீஸ் தடவி மெழுகுத்தாளில் சுற்றிய பாகங்கள் இன்னும் பிரிக்காத பெட்டியில் கிடைக்கின்றன. பல்சக்கரமாக இருந்தால் புத்தம் புதுசு. ரப்பராக இருந்தால் பிரித்தவுடன் குப்பைக்கூடை!

அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?

முதல் காரணம், இது சரிசெய்யக்கூடிய வண்டி. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. பிளக்கில் பொறி வருகிறதா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா, இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். ஐந்தரை லட்சம் வண்டி செய்ததால் பாகங்களும் மிச்சமிருக்கின்றன. இதே இன்ஜின் போருக்குப் பின் சாதாரண லாரிகளிலும் வந்ததால் இன்ஜின் சாமான் கிடைப்பது இன்னும் சுலபம். போருக்காகச் செய்த 'சுலப வைத்தியம்' எண்பது வருஷம் கழித்தும் வேலை செய்கிறது.

இரண்டாவது காரணம், வண்டியே ஆவணம். பெயிண்டைச் சுரண்டினால் அடுக்கடுக்காக வரும். தீயணைப்புச் சிவப்பு, அதற்கடியில் பிரெஞ்சுப் பச்சை, அதற்கும் அடியில் அமெரிக்க ராணுவப் பச்சை. அதிர்ஷ்டம் இருந்தால் பம்பரில் படைப்பிரிவு எண்ணும் தெரியும். டாஷ்போர்டுத் தகட்டில் ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி இருக்கும். எழுபது வருஷம் யாரும் படிக்காத ஒரு வரியைப் படிக்கும் சந்தோஷம் சும்மாவா?

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அருங்காட்சியகத்தில் துடைத்து வைத்த லாரியைப் பார்த்தால் அதன் உருவம் தெரியும், உழைப்பு தெரியாது. டபுள் கிளட்ச் போட்டு, பவர் ஸ்டீயரிங் இல்லாமல் கை வலிக்கத் திருப்பி, ஒரு மணி நேரம் ஓட்டினாலே உடம்பு கெஞ்சுகிறது என்கிறார்கள் ஓட்டுபவர்கள். இரவில், விளக்கை மறைத்துக்கொண்டு, இருமடங்கு சுமையோடு, தூக்கமில்லாமல் இதையே வாரக்கணக்கில் ஓட்டியவர்களை அப்போதுதான் புரியும். படைத்தளபதிகளைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் வந்திருக்கின்றன. இந்த டிரைவர்களில் பலருடைய பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் கை செய்த வேலையின் நுணுக்கம் மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் இந்த லாரிகள்.

ஆகவே, 'இந்தப் பழைய இரும்பைக் கட்டி அழுவதற்குப் புதுசா ஒன்று வாங்கலாமே' என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான். புதுசாக லாரி வாங்கலாம். அந்த 83 நாளைக் கையால் தொட்டுப் பார்க்க வேறு வழி இல்லை. அடுத்த முறை போர்ப்படம் பார்க்கும்போது, டாங்கி போனபிறகு தூசியில் வரிசையாக வரும் லாரிகளையும் ஒரு நிமிஷம் பாருங்கள். அவை நின்றுபோயிருந்தால் டாங்கியும் நின்றுபோயிருக்கும்.