பஞ்சூல் முதல் அக்ரா வரை: லைபீரியப் போரும் அண்டை நாடுகளின் சமரச முயற்சியும் (1990–2003)

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. உலகின் கவனம் முழுவதும் வளைகுடாவுக்குப் போனது. அதற்குச் சில நாள் முன்புதான், ஜூலை 29 இரவு, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் புனித பேதுரு லுத்தரன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 600 பேரை லைபீரிய அதிபர் சாமுவேல் டோவின் படையினர் கொன்று குவித்திருந்தனர். பெரும்பாலோர் கிளர்ச்சியாளர்களை ஆதரிப்பவர்களாகக் கருதப்பட்ட கியோ, மானோ இனத்தவர். அமெரிக்கக் கடற்படையினர் வந்து தம் நாட்டவரை மீட்டுச் சென்றனர். ஐ.நா. பாதுகாப்பு அவை லைபீரியா குறித்து வாய் திறக்கவே 1991 ஜனவரி ஆகிவிட்டது.

நெருப்பு தம் வாசலுக்கே வந்துவிட்டதை உணர்ந்தவை அண்டை நாடுகள்தாம். கினி, ஐவரி கோஸ்ட், சியரா லியோன் எல்லைகளைக் கடந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். நைஜீரியா, கானா நாட்டவர் ஆயிரக்கணக்கானோர் மன்ரோவியாவில் சிக்கியிருந்தனர். 1975இல் வணிக ஒத்துழைப்புக்காகத் தொடங்கப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம், அதாவது எக்கோவாஸ், அமைதிப்படை அனுப்பும் அமைப்பாக மாறியது இந்த நெருக்கடியில்தான். காம்பியா, கானா, மாலி, நைஜீரியா, டோகோ அடங்கிய அதன் சமரசக் குழு, ஆகஸ்ட் தொடக்கத்தில் காம்பியத் தலைநகர் பஞ்சூலில் கூடி ‘எக்கோமாக்’ என்ற கூட்டுப்படையை அனுப்ப முடிவெடுத்தது. பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடலாகாது என்பது ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் அடிப்படை விதியாக இருந்தது. உயிர்ச்சேதத்தையும் அகதிகளின் அவலத்தையும் காரணம் காட்டியே அந்த விதியைப் பஞ்சூல் தீர்மானம் தாண்டியது. அந்தக் காரணம் பொய்யானதல்ல. ஆனால் ஐந்து நாடுகள் கூடி எடுத்த முடிவை, 16 நாடுகளின் ஒருமித்த முடிவு என்று சொல்லிவிட முடியாது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. 1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லரின் கிளர்ச்சிப்படை லைபீரியாவுக்குள் நுழைந்தது ஐவரி கோஸ்ட் எல்லை வழியாக. லிபியா பயிற்சியளித்தது, புர்கினா ஃபாசோ பக்கபலமாக நின்றது. ஆகவே நைஜீரியா தலைமையில் ஒரு படை வருவதை ஐவரி கோஸ்டும் புர்கினா ஃபாசோவும் விரும்பவில்லை. சமரசம் பேச வேண்டியவர்களே போரின் இரு பக்கங்களிலும் நின்றார்கள்.

ஆகஸ்ட் 24 அன்று சுமார் 3,000 வீரர்கள் மன்ரோவியா துறைமுகத்தில் இறங்கினர். செப்டம்பர் 9 அன்று அதிபர் டோ தம் காவலர்களுடன் அதே துறைமுகத்திலிருந்த எக்கோமாக் தலைமையகத்துக்கு வந்தார். பின்னாலேயே, டெய்லரிடமிருந்து பிரிந்துசென்ற பிரின்ஸ் ஜான்சனின் ஆயுதக்குழுவும் வந்தது. அமைதிப்படையின் கண்ணெதிரே காவலர்கள் சுட்டுத் தள்ளப்பட்டார்கள். டோ இழுத்துச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். சமாதானம் ஏற்படும் முன்பே அதைக் காக்க அனுப்பப்பட்ட படையின் கையறு நிலைக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதன்பின் பமாகோ, யமுசுக்ரோ, கொட்டோனு, அகோசம்போ என்று ஊர் ஊராக ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, குலைந்தன. கர்ங்காவைத் தலைநகராக்கிக்கொண்டு நாட்டின் பெரும்பகுதியை ஆண்ட டெய்லருக்கு மரமும் ரப்பரும் வைரமும் வருமானம் தந்தன. அண்டை எல்லைகள் திறந்திருக்கும் வரை அவர் பணிய வேண்டிய தேவையே எழவில்லை. உண்மையான திருப்பம் 1995இல் வந்தது. டெய்லர் அபுஜா சென்று நைஜீரிய ஆட்சியாளர் சானி அபாச்சாவைச் சந்தித்தார். ஆகஸ்டில் அபுஜா ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996 ஏப்ரலில் மன்ரோவியா மீண்டும் பற்றி எரிந்தபோதும், அதே ஒப்பந்தத்தைத் திருத்தியே 1997 ஜூலையில் தேர்தல் நடத்தினார்கள். முக்கால்வாசி வாக்குகள் டெய்லருக்கே விழுந்தன. போரைத் தொடங்கியவர் ஆட்சியில் அமர்ந்தால்தான் துப்பாக்கி ஓயும் என்று மக்கள் எண்ணும்படி ஆனது, ஏழாண்டு ராஜதந்திரத்தின் கசப்பான விளைவு.

ஓயவில்லை. 1999இல் இரண்டாம் போர் மூண்டது. இம்முறை கிளர்ச்சியாளர்களுக்குக் கினி துணை நின்றது. 2003 ஜூன் 4 அன்று அக்ராவில் பேச்சுவார்த்தை தொடங்கிய நாளிலேயே, சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான போர்க்குற்றப் பத்திரிகையை வெளியிட்டது. கானா அவரைக் கைது செய்யாமல் ஊருக்கு அனுப்பிவைத்தது. வாரக்கணக்கில் பேச்சு இழுபட்டது. மன்ரோவியாவில் குண்டுகள் விழுந்தன. ஜூலையில் லேமா போவி தலைமையில் லைபீரியப் பெண்கள் பேச்சுவார்த்தை மண்டபத்தின் வாசலை மறித்துக் கைகோத்து உட்கார்ந்தார்கள். உடன்பாடு காணாமல் ஒருவரும் வெளியேற முடியாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, தன் ஆடைகளைக் களைந்துவிடுவதாக போவி எச்சரித்தார். தாய் வயதுப் பெண் அப்படிச் செய்வது அந்த மண்ணில் பெரும் சாபம். நடுவர் அப்துல்சலாமி அபுபக்கர் அவர்களிடம் பேசி, பேச்சைத் துரிதப்படுத்த ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 4 அன்று நைஜீரிய வீரர்கள் மீண்டும் வந்திறங்கினர். 11ஆம் தேதி டெய்லர் பதவி விலகி நைஜீரியா சென்றார். 18ஆம் தேதி அக்ரா ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர் 1 அன்று அந்த வீரர்கள் ஐ.நா. படையின் அங்கமானார்கள், 1990இல் கிடைக்காத ஐ.நா. ஆணை இப்போது கிடைத்தது; 15,000 வீரர்கள் வரை நிறுத்த பாதுகாப்பு அவை அனுமதித்திருந்தது.