பஞ்சு சுருங்கிய பாதை: கடம்பூர்–கோவில்பட்டி வட்டாரத்தின் பருத்திக் கட்டடங்கள்

கடம்பூர் என்றால் ரயிலில் போகிறவர்களுக்குப் போளிதான் நினைவுக்கு வரும். அந்தப் பாதைக்கு வேறொரு சரக்கும் உண்டு. 1876இல் தென்னிந்திய ரயில்வே மதுரையைத் தூத்துக்குடித் துறைமுகத்தோடு இணைத்தபோது, சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று தண்டவாளம் கரிசல் காட்டை ஊடறுத்துப் போனது. அதில் ஏறிய முக்கியமான பொருள்களில் ஒன்று பருத்தி. லண்டன், லிவர்பூல் சந்தைகளில் 'டின்னவெலி' என்று பெயர் பெற்ற பஞ்சு அது.

நெசவுத்தொழில் நகரங்களின் பழங்கட்டடங்களைத் தேடுகிறவர்கள் முதலில் புகைபோக்கியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். கரிசலுக்கு அந்தப் பார்வை போதாது. இங்கே தொழில் ஒரே ஊரில் குவியவில்லை; அரவைக் கொட்டகை, கிட்டங்கி, ரயிலடி, பிரஸ், நூற்பாலை என்று பாதை நெடுகப் பரவியது. இந்த வரிசையைத் தீர்மானித்தது பஞ்சின் பருமன் என்பது என் வாதம்.

செடியிலிருந்து எடுத்த பருத்தியில் எடைக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொட்டை. மிஞ்சும் பஞ்சோ எடையில்லாமல் இடத்தை அடைக்கும். ரயிலுக்கு முந்தைய காலத்தில் மாட்டுவண்டிகள் இதைத் தூத்துக்குடிக்கு இழுத்தன. அங்கே கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் வெகுதூரம் தள்ளி நங்கூரமிட, தோணிகள்தான் பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி விலை ஏறியபோது, பஞ்சைச் சுருக்கிக் கட்டுவது லாபக் கணக்கின் முதல் வரியானது. கொட்டையைக் களத்துக்கு அருகிலேயே நீக்குவது, பஞ்சை அழுத்திப் பொதியாக்குவது என ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு கட்டடம் தேவைப்பட்டது.

மானாவாரிப் பருத்தி ஐப்பசி மழையை ஒட்டி விதைக்கப்பட்டு, பங்குனி தொடங்கி ஆடி வரை எடுக்கப்படும். ஆகவே அரவைக்கு ஆண்டில் சில மாதங்கள்தான் வேலை. மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும் இடத்தில் யார் பெரும்பணம் போடுவார்கள்? அகன்ற வாசல், உயர்ந்த கூரை, பூச்சில் சிக்கனம்: இவ்வளவுதான் அரவைக் கொட்டகையின் அழகியல். மரபுப் பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கடந்துபோவதில் வியப்பில்லை.

எட்டயபுரத்து அனுபவம் இங்கே பொருந்தும். பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயர் அங்கே பருத்தி அரவை ஆலை ஒன்றைத் தொடங்கினார். அது நொடித்தது, 1898இல் அவர் மறைந்தபோது குடும்பம் வறுமையில் இருந்தது. வெள்ளை வணிகர்களின் போட்டியே காரணம் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டயபுரத்துக்கு ரயில் இல்லை. அரைத்த பஞ்சை மறுபடியும் வண்டியேற்றிக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்ப வேண்டியிருந்த செலவையும் அந்தத் தோல்விக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

நூற்பாலைகள் வேறு வழியில் இடம் தேடின. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துக்கு அருகே விக்கிரமசிங்கபுரத்தில் முதல் ஆலையைத் தாமிரபரணியின் விசையை நம்பி அமைத்தார்கள். பிறகு தூத்துக்குடியில் கோரல் மில். 1892இல் மதுரையில் மதுரா மில். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற 1908 வேலைநிறுத்தம் அந்தக் கோரல் மில்லில்தான் நடந்தது.

கோவில்பட்டிக்கு ஆறும் இல்லை, கடலும் இல்லை. தண்டவாளமும் சுற்றிலும் பருத்தியும் இருந்தன. நீராவி காலத்தில் அப்படிப்பட்ட ஊரில் ஆலை ஓட நிலக்கரி ரயிலில்தான் வர வேண்டும். லாயல் மில்லும் லட்சுமி மில்லும் இன்று ஊரின் வட்டாரப் பெயர்களாகவே ஆகிவிட்டன. 'மில் காலனி' என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்பதில்லை.

கரிசலில் கனமான கட்டடம் எழுப்புவது லேசான காரியமல்ல. பருத்திக்கு ஈரம் காத்துத் தரும் இதே மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசலைத் தாண்டிக் கெட்டித் தரை வரை வானம் தோண்டாவிட்டால் சுவர் விரிசல் விடும். அதிரும் எந்திரங்களைத் தாங்கும் ஆலைக்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத அடித்தளச் செலவே பெரிது. கூரையிலும் ஒரு முரண் உண்டு. வடபக்கம் கண்ணாடி வைத்த ரம்பப்பல் கூரை இங்கிலாந்திலிருந்து வந்த வடிவம்; அங்கே சூரியன் தெற்கிலேயே சாய்ந்திருப்பதால் வெயில் நேரே விழாது. கோவில்பட்டி ஏறத்தாழ 9 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். லங்காஷயரில் வெயிலைத் தடுத்த கண்ணாடி, இந்த நிலப்பரப்பில் ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் அதை உள்ளே அழைக்கும்.

1901இல் கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியைத் தேர்ந்தெடுத்து 'கே' வரிசை ரகங்களை வெளியிட்ட நிலையம் அது. அதன் சோதனை வயல்களும் பஞ்சுத் தொழிலின் கட்டுமானம்தான். செங்கல் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இன்று இந்த வட்டாரத்தில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன, கருங்கண்ணி அரிதாகிவிட்டது. கடம்பூர் வழியாக இரட்டைப் பாதை ஓடுகிறது. மக்காச்சோளத்துக்குக் கொட்டை நீக்க வேண்டாம், பிரஸ்ஸில் அழுத்த வேண்டாம். களத்தில் அடித்த கையோடு மூட்டை பிடித்தால், லாரி ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.